வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்

பொலிவியாவில் ஒரு மழைக்காட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள். ஒன்று 'தேசியப் பூங்கா', மற்றொன்று 'பூர்வகுடி நிலம்'. நம்மூர்க் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் படிப்பை அடுக்குவதுபோல இரண்டையும் கோத்து, இசிபோரோ, செகுரே என்ற இரண்டு ஆறுகளையும் சேர்த்து எழுதினால் பெயர் ஒரு வரிக்குள் அடங்காது. அதனால் ஸ்பானிய முதலெழுத்துகளைக் கூட்டி 'டிப்னிஸ்' என்கிறார்கள். ஆண்டிஸ் மலைச்சரிவில் தொடங்கி மோஹோஸ் சமவெளியில் போய் இறங்குகிற காடு; பரப்பு 12,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். மொஹேன்யோ, யுராகாரே, சிமானே என்று மூன்று இனத்தார், ஆற்றங்கரைகளில் அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள். இவ்வளவு சின்னக் கூட்டத்துக்கு இவ்வளவு பெரிய மரியாதை வேறெங்கும் கிடைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதை நேரில் பார்த்துவர ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி: உள்ளே போகச் சாலை கிடையாது. டிரினிடாட் நகரத்துப் படகுத்துறையில் ஏறினால் நாள்கணக்கில் ஆற்றுவழிதான். நீளமான வள்ளம், அதன் பின்னால் 'பெக்கே பெக்கே' என்று தான் போடும் சத்தத்தையே பெயராக வைத்துக்கொண்ட ஒரு சின்ன மோட்டார். மழைக்காலத்தில் ஆறும் வயலும் ஒன்றாகிவிடும். வேனிலில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டால் பயணி இறங்கி வள்ளத்தைத் தள்ள வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கமாட்டார்கள். உங்களை மனப்பூர்வமாக வரவேற்கும் முதல் உயிர் 'மரிகுயி' என்ற பூச்சி. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கடித்த இடத்தில் குண்டூசி முனையளவு ரத்தப்புள்ளி ஒன்றை வைத்துவிட்டுப் போகும். அரிப்பு ஊருக்குத் திரும்பிய பிறகும் தொடரும்.

ஆகவே கொசுவலை, ரப்பர் பூட்ஸ், தலையில் மாட்டும் விளக்கு, வயிற்றுப்போக்கு மாத்திரை எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல அகலமான ஒட்டுநாடா ஒரு சுருளும் இருக்கட்டும். காடு சுற்றிய அனுபவசாலிகள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். வள்ளத்தில் ஓட்டை, பையில் கிழிசல், செருப்பில் வார் அறுந்தது, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து.

ஊருக்குள் நுழைந்ததும் ஊர்த்தலைவரைப் பார்க்க வேண்டும். 'கொர்ரெஹிதோர்' என்று பெயர். ஸ்பானியர்கள் விட்டுப்போன பதவிப்பெயர், ஊரார் தங்களுக்கு ஏற்றபடி வைத்துக்கொண்டார்கள். யார், எங்கிருந்து, எதற்கு, எத்தனை நாள் என்று கேட்பார். அதிகாரத் தோரணை எல்லாம் இருக்காது. கேட்டு முடிவதற்குள் கையில் ஒரு கிண்ணம் வந்துவிடும். மரவள்ளிக்கிழங்கைத் துருவி, பிழிந்து, ரவை மாதிரி வறுத்து வைத்திருப்பார்கள். அதைத் தண்ணீரில் போட்டால் 'சிவே'. குடிப்பதற்குள் ரவை அடியில் தங்கி ஊறிப் பருத்துவிடும், கிண்ணத்தைச் சுழற்றிச் சுழற்றிக் குடிக்க வேண்டும். கிண்ணம் என்று சொன்னேனே, அது நாம் திருவோடு என்று சொல்லும் அதே மரத்துக் காயின் காய்ந்த ஓடு. நம்மிடம் அது கேட்பவர் கையில் இருக்கும். அங்கே கொடுப்பவர் கையில் இருக்கிறது.

அவர் கேட்ட நாலு கேள்வியில் கடைசியைக் கவனியுங்கள். முந்நூறு வருஷத்துக்கு மேலாக இங்கே வந்த பெரிய மனிதர்கள் யாரும் 'எத்தனை நாள்' என்பதற்கு மட்டும் பதில் சொன்னதில்லை. கூச்ச சுபாவமாக இருக்கலாம்.

முதலில் இயேசு சபைப் பாதிரியார்கள். 1686இல் டிரினிடாட்டை நிறுவினார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தவர்களை ஓரிடத்தில் சேர்த்து மணியடித்து எழுப்பி, மணியடித்து உழைக்கவைத்து, வயலின் வாசிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த வயலின் இன்றும் அங்கே ஒலிக்கிறது, கேட்கவும் நன்றாகவே இருக்கிறது. ஒன்றுமே கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1767இல் ஸ்பெயின் அரசர் அவர்களை வெளியேற்றியதும் அந்த இடத்துக்கு வேறு கருணையாளர்கள் வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரப்பர் வியாபாரிகள் வந்து ஊர் ஆண்களுக்கெல்லாம் வேலை கொடுத்தார்கள். வடக்கே நீர்வீழ்ச்சிகள் நிறைந்த ஆற்றில் துடுப்புப் போடும் வேலை. திரும்பி வரும் கவலை பலருக்கு வைக்கவில்லை.

இவ்வளவு செய்தும் மொஹேன்யோ மக்களுக்கு நன்றி இல்லை. 1887 வாக்கில் கூட்டம்கூட்டமாகக் கிளம்பிக் காட்டுக்குள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய அந்திரேஸ் குவாயோச்சோவைப் பிடித்துக் கொன்றார்கள்; அப்படியும் நடை நிற்கவில்லை. 'லோமா சாந்தா', புனித மேடு, என்று ஒரு இடம் காட்டுக்குள் எங்கோ இருக்கிறதாம். வெள்ளம் ஏறாது, மீன் குறையாது, முதலாளி வரமாட்டான். தலைமுறை தலைமுறையாக அதைத் தேடினார்கள். பைத்தியக்காரத்தனம் என்று நகரத்தார் சிரித்தார்கள். ஆனால் வருஷாவருஷம் வெள்ளத்தில் மூழ்கும் மோஹோஸ் சமவெளியில் மேடு என்பது கற்பனைப் பொருள் இல்லை. ஸ்பானியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த நாட்டு ஜனங்கள் மண்ணைக் குவித்து மேடு கட்டியிருக்கிறார்கள், வயல்களை உயர்த்தியிருக்கிறார்கள், கால்வாயும் நடைவரப்பும் போட்டிருக்கிறார்கள். அந்தச் சமவெளியைத்தான் இன்றைய சுற்றுலாக் கையேடுகள் 'மனிதக் கை படாத கன்னிநிலம்' என்று வர்ணிக்கின்றன. கட்டியவனின் கையை இவ்வளவு நாசூக்காகத் துடைத்துவிடுவது எழுத்துத் திறமைதான்.

அப்புறம் அரசாங்கத்துக்கே காட்டின்மேல் காதல் வந்தது. 1965இல் ராணுவ ஆட்சி அதைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தது. உள்ளே குடியிருப்பவர்களின் நிலம் அது என்று சொல்ல இன்னும் 25 வருஷம் தேவைப்பட்டது. நல்ல காரியத்தை நிதானமாகத்தான் செய்வார்கள். 1990இல் தாழ்நிலத்துப் பூர்வகுடிகள் டிரினிடாட்டில் கிளம்பி, 34 நாள் நடந்து, மலையேறி, லா பாஸ் நகருக்குள் நுழைந்தார்கள். ஒரு வாரத்தில் ஆணை வந்துவிட்டது. ஜனங்கள் உட்கார்ந்திருந்தால் 25 வருஷம், நடந்தால் ஒரு வாரம் என்ற கணக்கை அந்த அரசு அன்றே வெளிப்படையாகக் காட்டிக்கொடுத்தது. எத்தனை அரசுகளுக்கு அந்த நேர்மை இருக்கும்?

அதன் பிறகு வந்தது பொற்காலம். 2006இல் எவோ மொராலெஸ் ஜனாதிபதியானார். அந்த நாட்டின் முதல் பூர்வகுடி ஜனாதிபதி, மலைநாட்டு ஐமாரா இனத்தவர், கோகா பயிரிடும் விவசாயிகளின் சங்கத் தலைவர். ஜனாதிபதியான பிறகும் சங்கப் பதவியை விடவில்லை, அவ்வளவு பற்று. 2009 அரசியல் சட்டத்தில் தாழ்நிலத்துக் காட்டுப்பூவான பதுஹுவுக்கு தேசியச் சின்னம் என்ற இடம் கிடைத்தது. அதே 2009இல் பூமித்தாய்க்கென்று உலகத்துக்கே ஒரு நாள் வேண்டும் என்று பொலிவியா ஐ.நா.வில் கேட்டு வாங்கியது. டிப்னிஸ் மக்களுக்கு ஏறக்குறைய 10.9 லட்சம் ஹெக்டேருக்குப் பட்டா கொடுத்ததும் அந்த வருஷம்தான். 2010 டிசம்பரில் பூமித்தாய்க்கு உரிமைகள் உண்டு என்று தனிச் சட்டமே வந்தது.

தாய்க்கு இவ்வளவு செய்த பிள்ளை, தாயைப் பார்க்க அடிக்கடி வர வழி வேண்டாமா? அதற்காகத்தான் சாலை. வில்லா துனாரியிலிருந்து சான் இக்னாசியோ தெ மோஹோஸ் வரை 306 கிலோமீட்டர். 41.5 கோடி டாலர், அதில் 33.2 கோடி பிரேசில் நாட்டு வளர்ச்சி வங்கியின் கடன். பிரேசில் கடன், பிரேசில் கம்பெனிக்கே ஒப்பந்தம். பணம் ஊர் சுற்றிக் களைத்துவிடக் கூடாது பாருங்கள். ஒப்பந்தம் போட்டது 2008இல், அதாவது உள்ளே இருப்பவர்களுக்குப் பட்டா கொடுப்பதற்கு முந்தின வருஷம்.

அந்தச் சாலையின் பொறியியலைவிட அதை வெட்டிய கத்தியைத்தான் நான் மெச்சுவேன். மூன்று துண்டு போட்டார்கள். முதல் துண்டு 47 கிலோமீட்டர், மூன்றாவது 82. இரண்டும் காட்டுக்கு வெளியே. நடுத்துண்டு 177 கிலோமீட்டர், அதுதான் காடு. இரண்டு ஓரங்களுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது, வேலையும் தொடங்கியது. நடுவைப் பற்றி யார் கேட்டாலும், அது இன்னும் முடிவாகவில்லையே என்று பதில். தெற்கேயிருந்து ஒரு சாலை காட்டின் வாசலில் வந்து நிற்கும், வடக்கேயிருந்து இன்னொன்று வந்து நிற்கும், நடுவில் முடிவு இன்னும் ஆகவில்லை. பந்தியில் எல்லோருக்கும் இலை போட்டுத் தண்ணீர் தெளித்த பிறகு, ஆட்டை வெட்டுவதா வேண்டாமா என்று ஆட்டிடமே கேட்கலாம் என்று இருந்தார்கள்.

ஆட்டிடம் கேட்டார்களா என்றால், அதற்கும் அவசரம் காட்டவில்லை. வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் சாலை வரும் என்று 2011இல் ஜனாதிபதி பேசினார். மனசில் ஒன்று வைத்து வெளியில் ஒன்று பேசுகிறவர் அல்ல. அதே வருஷம் ஜூலை மாதக் கடைசியில் கோகா விவசாயிகள் மத்தியில் இன்னும் இதமாகப் பேசினார்: தனக்கு நேரமிருந்தால் தானே போய் யுராகாரே பெண்களின் மனதை மயக்கிச் சம்மதிக்கவைப்பாராம்; நேரமில்லாததால் அந்த வேலையை வாலிபர்கள் பார்க்க வேண்டுமாம். ஒரு நெடுஞ்சாலைத் திட்டத்தில் காதலுக்கும் இடம் ஒதுக்கிய ஆட்சித்தலைவரை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை.

பெண்கள் மயங்கவில்லை. 2011 ஆகஸ்ட் 15ஆம் தேதி கைக்குழந்தைகளோடு டிரினிடாட்டிலிருந்து மறுபடி நடக்கத் தொடங்கினார்கள். கையில் பதுஹு பூப்போட்ட கொடி. அரசியல் சட்டத்தில் இருக்கும் பூதானே என்று நம்பி எடுத்து வந்தார்கள். தலைவர்கள் அமெரிக்கத் தூதரகத்தோடு தொலைபேசியில் பேசினார்கள் என்று அரசு கண்டுபிடித்துச் சொன்னது. காட்டில் மோட்டாருக்கு எண்ணெய் இருக்கிறதா என்று கவலைப்படாத அரசு, யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதில் இவ்வளவு அக்கறை காட்டியது நெகிழ வைக்கிறது.

செப்டம்பர் 24ஆம் தேதி, பேச வந்த வெளியுறவு அமைச்சரைப் பெண்கள் சூழ்ந்துகொண்டு, எங்களோடு கொஞ்ச தூரம் நடங்கள் என்று போலீஸ் வரிசையைத் தாண்ட நடக்கவைத்தார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சாபரினா என்ற இடத்தில் அந்த விருந்துக்கு மறுவிருந்து நடந்தது. பின்மதியம், அடுப்பில் உலை இருக்கும் நேரம். கண்ணீர்ப்புகை, தடி. பிள்ளைகள் ஒரு பக்கம் காட்டுக்குள் ஓட, தாய்கள் ஒரு பக்கம். பிடித்தவர்களின் கையைக் கட்டி, அவர்கள் கத்தித் தொண்டை புண்ணாகிவிடக் கூடாதென்றோ என்னவோ, வாயில் ஒட்டுநாடா ஒட்டினார்கள். பிறகு இலவசப் பேருந்துப் பயணம். ஆறு வாரமாக நடந்து களைத்தவர்களைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுபோய் விடுகிற ஏற்பாடு. வழியில் சான் போர்ஹா ஊர்க்காரர்கள் தெருவில் தீ வைத்து மறித்தார்கள். ருரெனபாக்கே விமானத்தளத்தில் ஊரே ஓடுதளத்தில் புகுந்து அவர்களை மீட்டுக்கொண்டு போய்விட்டது. இப்படிச் சில பாமரர்களால் அரசு கொடுக்கவிருந்த இலவச விமானப் பயணமும் அவர்களுக்கு வாய்க்காமல் போயிற்று.

யார் உத்தரவு போட்டார்கள் என்று கேட்டபோது தெரிந்த உண்மைதான் என்னைக் கவர்ந்தது. யாரும் போடவில்லை! ஜனாதிபதி போடவில்லை, அமைச்சர் போடவில்லை. ஐந்நூறு போலீஸ்காரர்களும் தாங்களாகவே ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் கொண்டுவிட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டார். பாதுகாப்பு அமைச்சர் செசிலியா சாக்கோன் ஒருவர்தான் இந்த நாகரிகத்துக்குப் பழக்கப்படாமல் உடனே பதவி விலகிப் போனார்.

அக்டோபர் 19ஆம் தேதி ஊர்வலம் லா பாஸ் வந்தது. தெருவெங்கும் கூட்டம் திரண்டு வரவேற்றது. ஐந்தே நாளில் 180ஆம் எண் சட்டம்: டிப்னிஸ் வழியே சாலை வராது. சாலையை விலக்கியதோடு விடவில்லை, அந்தக் காட்டுக்கு மூன்றாவதாக ஒரு பட்டமும் கொடுத்தார்கள். 'இன்தாஹிப்ளே'. தமிழில் சொன்னால், தீண்டத்தகாதது.

அந்தச் சொல்லின் வலிமை நமக்கு விளக்கத் தேவையில்லை. கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள்? புல்டோசர் தொடக்கூடாது, கம்பெனி தொடக்கூடாது என்று. அரசு அகராதியை இன்னும் ஆழமாகப் புரட்டியது. தீண்டத்தகாதது என்றால் யாரும்தான் தொடக்கூடாது. காட்டுவாசிகள் அளவோடு நடத்திவந்த முதலைத்தோல் வியாபாரம் கூடாது, மீன்பிடிக்க வரும் சுற்றுலாக்காரர்கள் கூடாது, மரம் கூடாது. காட்டைக் கேட்டீர்கள், கொடுத்துவிட்டோம். இனி அதைத் தொடாதீர்கள். நம்மூரில் அந்தச் சொல் மனிதர்களை ஊருக்கு வெளியே நிறுத்தியது. அவர்கள் ஊரில் அதே சொல் மனிதர்களை வீட்டுக்குள்ளேயே நிறுத்திவிட்டது. சமஸ்கிருதமோ தமிழோ தெரியாமலே இந்த நுட்பத்தைக் கண்டுபிடித்த அதிகாரியை யாராவது எனக்கு அடையாளம் காட்டினால் ஒரு சால்வை போர்த்தலாம்.

ஜனங்கள் திண்டாடுவதைப் பார்த்து அரசுக்கே மனம் இளகியது. 2012இல் 222ஆம் எண் சட்டம் போட்டுக் கருத்துக் கேட்கக் கிளம்பினார்கள். பெயர் 'முன்கலந்தாய்வு'. ஒப்பந்தம் போட்டு நாலு வருஷம், ஓரத்துண்டுகளில் வேலை தொடங்கி ஒரு வருஷம். முன் என்பது எதற்கு முன் என்று கேட்பது இலக்கணக்காரர்களின் குசும்பு. வெறுங்கையோடும் போகவில்லை. பெண் பார்க்கப் போகும்போதே பழத்தட்டு எடுத்துப் போகிற நமக்கு இது புரியும். படகு மோட்டார் உள்ளிட்ட சீர்வரிசை போயிற்று. கேள்வியும் எளிமை: தீண்டாமை வேண்டுமா, வளர்ச்சி வேண்டுமா? 69 ஊரில் 58 ஊரைக் கேட்டதாகவும் 55 ஊர் சாலைக்குச் சரி சொன்னதாகவும் அரசு கணக்குக் கொடுத்தது. பின்னாலேயே கத்தோலிக்கத் திருச்சபையும் மனித உரிமை அமைப்புகளும் 36 ஊருக்குப் போய் அதே கேள்வியைச் சீர்வரிசை இல்லாமல் கேட்டுவிட்டு, நடந்தது சுதந்திரமான கலந்தாய்வே இல்லை என்று எழுதின. வெறுங்கையோடு போனால் இப்படித்தான் பதில் வரும்.

2017 ஆகஸ்ட் 13ஆம் தேதி 969ஆம் எண் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. அதன் தலைப்பில் 'பாதுகாப்பு' என்ற சொல் முதலில் வருகிறது, 'வளர்ச்சி' அப்புறம்தான். கையெழுத்து போட்ட ஊர் டிரினிடாட். 1990இலும் 2011இலும் நடை கிளம்பிய அதே ஊர். இடம் பார்த்துச் செய்த மரியாதை.

தெற்கு வாசல் வழியாகப் போக நினைக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்தப் பக்கம் மலையிலிருந்து இறங்கி வந்து குடியேறிய கோகா விவசாயிகள் இருக்கிறார்கள். சுரங்கம் மூடி வேலை போய் வந்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை, பிழைக்க வந்த இடத்தில் காடுதான் கிடைத்தது, வெட்டினார்கள். 2018இல் இயற்கையின் உரிமைகளுக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தின் குழு ஒன்று அந்த வழியாக உள்ளே போகப் பார்த்தபோது மறித்து நிறுத்திவிட்டார்கள். அனுமதி கேட்டுத்தான் காட்டுக்குள் நுழைய வேண்டும் என்ற பழங்குடி மரபைக் கடைசியாக வந்தவர்கள்தான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

இனி நம்மைப் போன்ற பயணிகளைப் பற்றி. நம்மை யாரும் குறை சொல்ல முடியாது. காலடியைத் தவிர வேறெதையும் விட்டுவரமாட்டோம், படத்தைத் தவிர வேறெதையும் எடுத்துவரமாட்டோம். ஆற்றின் தலைப்பகுதியில் தொராதோ என்று பொன்னிற மீன் ஒன்று உண்டு. அதைத் தூண்டிலில் பிடிக்க வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கட்டி விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் மீனைப் பிடித்து, நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டு, தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். அதே மீனைச் சிமானே கிழவர் பிடித்தால் தின்றுவிடுகிறார். யாருக்கு இயற்கையின்மேல் அன்பு அதிகம் என்று சொல்லத் தேவையில்லை. ஊருக்குள் படம் எடுக்கும்போது கால்பந்து பனியன் போட்ட பையனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி, ஹதாதா ஓலைக்கூரையும் பாட்டியும் மட்டும் விழுமாறு பார்த்து எடுக்கிறோம். காட்டின் தூய்மை கெடக்கூடாதே. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இருக்கிறாரா, பாம்பு கடித்தால் எத்தனை நாள் படகில் போக வேண்டும் என்று கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்துவதில்லை. அப்படிக் கேட்டால் சாலையைப் பற்றிப் பேச்சு வந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு வழி வேண்டும் என்று அவர்களிலும் சிலர் சொல்வார்கள். நாம் மனதில் எடுத்துவந்த படம் கலங்கிவிடும்.

தாராளமாகப் போய் வாருங்கள். கொர்ரெஹிதோர் கேட்டால் எத்தனை நாள் என்று சொல்லிவிடுங்கள், சொன்ன நாளில் கிளம்பியும் விடுங்கள். அதுவே அவர்களுக்குப் புது அனுபவமாக இருக்கும். சிவே கொடுத்தால் அடியில் ஊறிய ரவைவரை குடியுங்கள். ஒட்டுநாடாவை மட்டும் பையின் அடியில் வைத்துக்கொள்ளுங்கள். வள்ளம் ஒழுகினால் ஆற்றிலேயே எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். ஊருக்குள் வெளியே எடுக்க வேண்டாம். சுருளிலிருந்து அதை உரிக்கும்போது ஒரு சத்தம் வருமே, அந்த ஊர்ப் பெண்கள் சிலருக்கு அது தெரியும்.